வயிற்றுக்குள் சிரைகள் போகும் வழி

இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. கையிலும் காலிலும் சிரைகளின் போக்கு சுலபமாகப் புரிந்துவிடும். தமனி எந்த வழியாக இறங்குகிறதோ, ஆழத்தில் உள்ள சிரைகள் அதை ஒட்டியே மேலேறி வரும். வயிற்றுக்குள் வந்ததும் இந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. பெருந்தமனியிலிருந்து இரைப்பைக்கும் குடலுக்கும் மண்ணீரலுக்கும் போன இரத்தம், பக்கத்திலேயே இருக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கு நேராகத் திரும்புவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே இன்னொரு முறை நுண்குழாய்களில் பரவி, அப்புறம்தான் இதயத்துக்குப் போகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் சிரைகளில் இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இந்த அமைப்பு தெரிந்தால் மருத்துவமனையில் புதிராகத் தோன்றும் பல விஷயங்கள் விளங்கும். விரைப்பையில் வீக்கம் என்று போனவருக்கு ஏன் சிறுநீரகத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்? கெட்டுப்போனது கல்லீரல் என்றால் இரத்தக் கசிவு ஏன் உணவுக்குழாயில் வருகிறது? காலில் இரத்தம் உறைவது ஏன் இடது காலில் அதிகம்? மாரடைப்பும் பக்கவாதமும் தமனி நோய்கள் என்பதால் தமனிகளைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்படுகிறோம். சிரைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கால் நரம்பு சுருட்டிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. வயிற்றைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அங்கே பல நோய்கள் எங்கே, எப்படித் தலைகாட்டும் என்பதைத் தீர்மானிப்பது சிரைகள்தான்.

கீழ்ப்பெருஞ்சிரை

வயிற்றில் உள்ள சிரைகளில் மிகப் பெரியது இது. அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால், இரண்டு கால்களிலிருந்தும் இடுப்புக்குழியிலிருந்தும் இரத்தம் கொண்டுவரும் பொது இலியாக் சிரைகள் ஒன்று சேரும் இடத்தில் தொடங்குகிறது. முதுகெலும்பின் வலது பக்கமாக, பெருந்தமனிக்குப் பக்கத்திலேயே மேலேறி, கல்லீரலின் பின்புறத்தில் உள்ள பள்ளத்தில் பதிந்து போகிறது. பிறகு எட்டாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் உதரவிதானத்தைக் கடந்து இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்தில் சேர்கிறது. கல்லீரலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு விபத்தில் காயம் பட்டால் அதை எட்டித் தைப்பது மிகக் கடினம். அனுபவமுள்ள அறுவை மருத்துவர்களும் மிகவும் அஞ்சுகிற காயங்களில் அது ஒன்று.

கால் சிரைகளில் இரத்தம் கீழே இறங்காமல் தடுக்க வால்வுகள் உண்டு. கீழ்ப்பெருஞ்சிரையின் உள்ளே அப்படி எதுவும் கிடையாது. அப்படியானால் இரத்தம் எப்படி மேலே ஏறுகிறது? மூச்சு இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்புக்குள் குறைகிறது. அந்த வித்தியாசம் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. எக்கோ ஸ்கேன் எடுக்கும்போது மூக்கால் சட்டென்று மூச்சை உறிஞ்சச் சொல்வது இதைப் பார்க்கத்தான். கீழ்ப்பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மிகாமல் இருந்து, உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் இதயத்தின் வலது பக்க அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். விரிந்துபோய், சுருங்காமல் நின்றால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தேங்குகிறது என்று பொருள்.

சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. அதனால் வெளியிலிருந்து அமுக்கினால் எளிதில் சப்பையாகிவிடும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையில் வயிற்றுக்குள் வாயு நிரப்பும் அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை; இதுவே இந்தச் சிரையைக் கொஞ்சம் நசுக்கிவிடும், மயக்க மருத்துவர் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கர்ப்பம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை கீழ்ப்பெருஞ்சிரையை முதுகெலும்போடு சேர்த்து அமுக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சிலருக்குத் தலைசுற்றல், வியர்வை, படபடப்பு வரும். குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். "இடது பக்கம் திரும்பிப் படும்மா" என்று நர்ஸ் சொல்வதன் காரணம் இந்தச் சிரை வலது பக்கம் இருப்பதுதான். கர்ப்பிணிக்கு இதயம் நின்றுபோய் நெஞ்சை அமுக்கும் நிலையிலும் ஒருவர் கர்ப்பப்பையைக் கையால் இடது பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவசர சிகிச்சைப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

கீழ்ப்பெருஞ்சிரை வலது பக்கம் இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. இடது இலியாக் சிரை நடுக்கோட்டைக் கடந்து வந்துதான் அதில் சேர முடியும். கடந்து வரும் இடத்தில் அதன் மேலே வலது இலியாக் தமனி குறுக்கே போகிறது, பின்னால் முதுகெலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு, தமனியின் துடிப்பில் ஆண்டுக்கணக்கில் இடிபட்டு, சிரையின் உள்சுவர் சிலருக்குத் தடித்துவிடுகிறது. இடது காலில் இரத்த உறைவு அதிகம் என்பதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் சடலங்களை ஆராய்ந்து அந்தத் தடிப்பை விளக்கமாக எழுதினார்கள். இன்றைக்கும் அவர்கள் பெயரால்தான் அந்த நிலை அழைக்கப்படுகிறது. இளம்பெண் ஒருவருக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின்போ கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ, இடது கால் முழுக்கத் திடீரென வீங்கினால் மருத்துவர் காலோடு நிறுத்தாமல் வயிற்றுக்குள்ளும் பார்ப்பது இதனால்தான்.

கீழ்ப்பெருஞ்சிரை மெதுவாக அடைபட்டால் உடல் மாற்றுவழிகளைத் திறந்துகொள்கிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் ஏறும் இடுப்புச் சிரைகள், அவற்றின் தொடர்ச்சியாக மார்புக்குள் போகும் அசைகஸ் சிரை, வயிற்றுத் தோலுக்கு அடியில் தொடையிலிருந்து அக்குள் வரை போகும் மேல்மட்டச் சிரைகள் ஆகியவை விரிந்து கொடுக்கும். முதுகெலும்பைச் சுற்றி வால்வு இல்லாத இன்னொரு சிரை வலையும் உண்டு. 1940-இல் அமெரிக்க உடற்கூறியலாளர் பாட்சன் அதைக் காட்டினார். புராஸ்டேட் புற்றுநோய் நுரையீரலைத் தொடாமலே நேராக இடுப்பு முள்ளெலும்புக்குப் பரவும் வழிகளில் ஒன்று அது.

இடதும் வலதும் ஒன்றல்ல

இடது சிறுநீரகம் கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து தள்ளி இருக்கிறது. அதனால் இடது சிறுநீரகச் சிரை 6 முதல் 10 செ.மீ. வரை நீளம், வலதோ 2 முதல் 4 செ.மீ.தான். சிறுநீரக தானம் செய்பவரிடமிருந்து, வேறு தடை இல்லையென்றால், இடது சிறுநீரகத்தை எடுக்கவே மருத்துவர்கள் விரும்புவார்கள். நீளமான சிரை இருந்தால் பெறுபவரின் உடலில் வைத்துத் தைப்பது எளிது.

நீளமாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே போகிறது. அதற்கு நேர் மேலே பெருந்தமனியிலிருந்து குடலுக்குப் போகும் மேல் மீசென்டரிக் தமனி கிளம்பிச் சாய்வாகக் கீழே இறங்குகிறது. இரண்டு தமனிகளுக்கும் நடுவே இந்தச் சிரை, பாக்குவெட்டிக்குள் வைத்த பாக்கு மாதிரி மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஒல்லியான சிலருக்கு அந்தக் கோணம் மிகக் குறுகி, சிரை நசுங்கி, சிறுநீரில் இரத்தமும் இடது விலாவுக்குக் கீழே வலியும் வரும். கல், தொற்று என்று எல்லாம் தேடி ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் காரணம் தெரியும்.

இடது சிறுநீரகச் சிரையில் வேறு சிரைகளும் வந்து சேர்கின்றன. இடது விரையிலிருந்து, பெண்களுக்கு இடது சூலகத்திலிருந்து, நீளமாக ஏறிவரும் சிரை இதில்தான் செங்கோணமாக விழுகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் இடது சிரையும் இதில்தான். வலது பக்கத்தில் இரண்டுமே கீழ்ப்பெருஞ்சிரையில் நேரடியாகச் சேர்ந்துவிடும். விரைச் சிரை வலது பக்கம் சாய்வாக, இலகுவாகச் சேர்கிறது. இடது பக்கம் பயணமும் நீளம், சேருமிடத்தில் அழுத்தமும் அதிகம். விரைப்பையில் சிரைகள் புடைத்துப் புழுக்கூட்டம் போலத் தட்டுப்படும் வெரிகோசீல் ஏறத்தாழ 15 சதவீத ஆண்களுக்கு இருக்கிறது. அதில் மிகப் பெரும்பாலானது இடது பக்கம்.

நடுத்தர வயதில் புதிதாக இடது வெரிகோசீல் தோன்றி, படுத்தாலும் வடியாமல் நின்றால், மேலே இடது சிறுநீரகச் சிரையை ஏதோ அடைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகப் புற்றுக்குச் சிரைக்குள்ளேயே வளர்ந்து போகும் குணம் உண்டு. சிலருக்கு அது சிறுநீரகச் சிரையைத் தாண்டி, கீழ்ப்பெருஞ்சிரைக்குள் ஏறி, இதயம் வரைகூடப் போய்விடுகிறது. வலது பக்கம் மட்டும் புதிதாக வெரிகோசீல் வந்தாலும் இதே காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய வீக்கம் இது. பெண்களுக்கு இடது சூலகச் சிரை விரிந்தால் அடிவயிற்றில் ஒரு கனமும் வலியும் மாதக்கணக்கில் இருக்கும். நாள் முழுக்க நின்றால் கூடும், படுத்தால் குறையும். பல பிள்ளைகள் பெற்றவர்களிடம் இது அதிகம். "எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற வலிதானே" என்று ஒதுக்கப்படுகிற வலிகளில் இதுவும் ஒன்று என்பது வருத்தமான விஷயம்.

வலது அட்ரினல் சிரை 1 செ.மீ. நீளம்கூட இருக்காது. நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்சுவரில் திறக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் எந்த அட்ரினலிலிருந்து அதிகம் சுரக்கிறது என்று கண்டுபிடிக்க இரு பக்கச் சிரைகளிலிருந்தும் இரத்தம் எடுப்பார்கள். இடது பக்கம் எடுத்துவிடலாம். வலதுதான் கைதேர்ந்தவர்களையும் திணறவைக்கும்.

இந்த வித்தியாசம் எல்லாம் கருவில் உருவாவது. கருவுக்கு முதலில் இரு பக்கமும் சமமான சிரைகள்தான் இருக்கும். வாரங்கள் போகப்போக இடது பக்கச் சிரைகள் பெரும்பாலும் மறைந்து, இரத்தம் வலது பக்கம் திரும்புகிறது. கீழ்ப்பெருஞ்சிரை ஒரே குழாய் போலத் தெரிந்தாலும் வெவ்வேறு கருச் சிரைகளின் துண்டுகள் சேர்ந்து உருவானது. சிலருக்கு இடது பக்கம் மறையாமல் நின்று, சிறுநீரக மட்டம் வரை இரண்டு கீழ்ப்பெருஞ்சிரைகள் இருக்கும். வேறு சிலருக்கு இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகும், அல்லது முன்னும் பின்னுமாகச் சுற்றிப்போகும். சி.டி. ஸ்கேன் அறிக்கையில் இப்படி ஏதாவது எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். பொதுவாக அது நோய் அல்ல. ஆனால் அந்தப் பகுதியில் எப்போதாவது அறுவை நடந்தால் மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடலிலிருந்து கல்லீரலுக்கு

இதுவரை பார்த்தது கீழ்ப்பெருஞ்சிரையின் அமைப்பு. இரண்டாவது அமைப்புதான் வயிற்றுக்கே உரிய சிறப்பு. சிறுகுடலிலிருந்தும் பெருங்குடலின் வலது பாதியிலிருந்தும் வரும் மேல் மீசென்டரிக் சிரையும், மண்ணீரல் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் சேர்ந்து போர்ட்டல் சிரை ஆகின்றன. பெருங்குடலின் இடது பகுதியிலிருந்து வரும் கீழ் மீசென்டரிக் சிரை பெரும்பாலும் மண்ணீரல் சிரையில் வந்து விழும். போர்ட்டல் சிரை ஏறத்தாழ 8 செ.மீ. நீளம். பித்தக்குழாய்க்கும் கல்லீரல் தமனிக்கும் பின்னால் மேலேறி, கல்லீரலின் வாசலில் வலது, இடது என்று பிரிகிறது.

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் போகிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் கால்பங்கு இது. அதில் முக்கால்வாசி போர்ட்டல் சிரை வழியாக வருவது. ஏற்கெனவே குடலில் பயன்பட்டுவிட்ட இரத்தம்தான். ஆனாலும் அளவு அதிகம் என்பதால் கல்லீரலுக்கு வேண்டிய ஆக்சிஜனில் கிட்டத்தட்டப் பாதியை அதுவே கொடுத்துவிடுகிறது.

உணவின் சாரம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே இரத்தமாக மாறுகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை ஐரோப்பா 1,400 ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. 1628-இல் வில்லியம் ஹார்வி இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1654-இல் ஃபிரான்சிஸ் கிளிசன் கல்லீரலைப் பற்றி எழுதிய நூலில், போர்ட்டல் சிரையில் செலுத்திய திரவம் கல்லீரலைக் கடந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கு வந்து சேர்வதைக் காட்டினார். கேலன் சொன்னதில் உண்மையான பாதியும் உண்டு. குடல் உறிஞ்சும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உண்மையில் முதலில் கல்லீரலுக்குத்தான் போகின்றன. கொழுப்பின் பெரும்பகுதிதான் நிணநீர் வழியாக வேறு பாதையில் போகிறது.

விழுங்கும் மாத்திரைக்கும் இதே பாதைதான். உடலின் மற்ற பாகங்களை எட்டும் முன்பே கல்லீரல் மருந்தில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதன் காரணம் இதுதான். வாய்க்குள் இருக்கும் சிரைகள் போர்ட்டல் அமைப்பைச் சேர்ந்தவை அல்ல. அங்கே கரைந்த மருந்து கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போகிறது. பதற்றத்தில் அதை விழுங்கிவிட்டால் மருந்தின் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகிவிடும்.

கிருமிகளும் புற்றுச் செல்களும் இந்தப் பாதையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. பெருங்குடல் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தெரியும். மலக்குடலின் கீழ்ப்பகுதிச் சிரைகள் போர்ட்டல், கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு அமைப்புகளிலும் சேர்வதால் அங்கே தொடங்கும் புற்று கல்லீரலைத் தாண்டி நேராக நுரையீரலுக்கும் போகலாம். குடலில் இருக்கும் அமீபா போர்ட்டல் சிரை வழியாக ஏறிக் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும். அதுவும் வலது பாகத்தில்தான் அதிகம். யாழ்ப்பாணப் பகுதியில் இந்தக் கட்டி பனங்கள் குடிக்கும் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது.

வால்வு இல்லாததன் விளைவு

போர்ட்டல் அமைப்பிலும் வால்வுகள் இல்லை. கல்லீரல் மிருதுவாக இருக்கும்வரை அது குறையாகத் தெரியாது. சாதாரணமாகப் போர்ட்டல் சிரையின் அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. பாதரசம். மது, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்றால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால், அதாவது சிரோசிஸ் வந்துவிட்டால், இரத்தம் உள்ளே புக முடியாமல் தேங்கும். வால்வு இல்லாத குழாய்களில் தேங்கிய இரத்தம் வந்த வழியே திரும்பும். போர்ட்டல் அமைப்பும் பெருஞ்சிரை அமைப்பும் சந்திக்கும் சில இடங்கள் உடலில் இருக்கின்றன. வழக்கமாக மயிரிழை போல இருக்கும் அந்த இணைப்புகள் அப்போது விரிந்து புடைக்கின்றன.

மிக ஆபத்தானது உணவுக்குழாயின் கீழ்முனை. இடது இரைப்பைச் சிரை போர்ட்டலில் சேர்வது. உணவுக்குழாயின் சிரைகள் அசைகஸில் சேர்பவை. இரண்டும் இங்கே மெல்லிய உள்ளுறைக்கு அடியில் சந்திக்கின்றன. போர்ட்டல் சிரைக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 10 மி.மீ. பாதரசத்தை எட்டினால் சிரைகள் புடைக்கத் தொடங்கும், 12-ஐ எட்டினால் வெடிக்கும் அபாயம் வரும். வலி எதுவும் இல்லாமல் திடீரென இரத்த வாந்தி வருவதும், தார் போலக் கறுத்த மலம் போவதும் இதன் அடையாளம். இன்றைய நல்ல சிகிச்சை கிடைத்தும் இப்படிக் கசிந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள். சிரோசிஸ் என்று தெரிந்தவுடனே எண்டோஸ்கோபி செய்து பார்க்கச் சொல்வதை அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது. புடைத்த சிரை இருந்தால் அது வெடிக்கும் முன்பே ரப்பர் வளையம் மாட்டிச் சுருக்கிவிடலாம்; புரோபிரனலால், கார்விடிலால் போன்ற மாத்திரைகளால் அழுத்தத்தைக் குறைக்கலாம்.

இன்னொரு சந்திப்பு தொப்புள். கருவில் தாயிடமிருந்து சுத்தமான இரத்தம் கொண்டுவந்த தொப்புள் சிரை, பிறந்தபின் சுருங்கி, கல்லீரலுக்கும் தொப்புளுக்கும் நடுவே ஒரு நாராக நிற்கும். அதையொட்டிய சிரைகள் அழுத்தத்தில் திறந்துகொண்டு தொப்புளைச் சுற்றி வெளியே தெரிய ஆரம்பிக்கும். வயிற்றுத் தோலில் புடைத்த சிரை எதுவானாலும் கல்லீரல்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. கீழ்ப்பெருஞ்சிரை அடைபட்டாலும் சிரைகள் புடைக்கும். இரண்டையும் பிரித்தறிய விரல்களே போதும். தொப்புளுக்குக் கீழே உள்ள ஒரு சிரையின் மேல் இரண்டு விரல்களை ஒட்டி வைத்து, விலக்கி, நடுவே உள்ள இரத்தத்தை வெளியேற்றி, ஒரு விரலை மட்டும் எடுத்து எந்தப் பக்கத்திலிருந்து நிரம்புகிறது என்று பார்ப்பார்கள். கல்லீரல் நோயில் ஓட்டம் தொப்புளிலிருந்து விலகிக் கீழே போகும். கீழ்ப்பெருஞ்சிரை அடைப்பில் மேலே ஏறும். ஸ்கேன் வசதி இல்லாத இடத்திலும் இரண்டு நிமிடத்தில் இவ்வளவு சொல்லிவிடும் ஒரு சோதனை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

மலக்குடலிலும் இப்படிச் சிரைகள் விரியும். அதை மூலநோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; மூலம் என்பது ஆசனவாயின் உள்ளே இயல்பாகவே இருக்கும் திசுமெத்தை வீங்குவது, கல்லீரல் நன்றாக இருப்பவர்களுக்கும் வரும்.

தேக்கத்தால் மண்ணீரல் பெருக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், வயிற்றில் நீர் கோர்க்கும். சில நேரம் கணைய அழற்சியில் மண்ணீரல் சிரை மட்டும் உறைந்துபோகும். அப்போது கல்லீரலில் குறை ஒன்றும் இருக்காது, இரைப்பையின் மேல்பகுதிச் சிரைகள் மட்டும் புடைத்துக் கசியும். மண்ணீரலை எடுத்துவிட்டால் அந்த நோய் தீர்ந்துவிடும்.

இந்தியாவில் குழந்தைகளிடம் இதன் வேறொரு வடிவத்தைப் பார்க்கிறோம். கல்லீரல் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குள் போகும் போர்ட்டல் சிரையே அடைபட்டிருக்கும். நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை திடீரென இரத்த வாந்தி எடுப்பான். மண்ணீரல் பெரிதாகத் தட்டுப்படும். பலருக்குக் காரணம் தெரிவதில்லை. பிறந்த நாட்களில் தொப்புளில் ஏற்பட்ட தொற்று, அந்தத் தொப்புள் சிரை வழியாக உள்ளே போய்ப் போர்ட்டல் சிரையை உறைய வைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தொப்புள்கொடியில் சாம்பல், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம் என்று மருத்துவர்கள் கெஞ்சாத குறையாகச் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

அடைப்பைத் தாண்டி வழி வெட்டினால் என்ன ஆகும் என்று 1877-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் எக் நாய்களில் சோதித்தார். போர்ட்டல் சிரையை நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்துத் தைத்தார். 1893-இல் பாவ்லோவும் கூட்டாளிகளும் அதே அறுவையைச் செய்து பார்த்தபோது, இறைச்சி தின்ற நாய்கள் தள்ளாடி, வெறிபிடித்து, சில நினைவிழந்தும் போயின. குடல் பாக்டீரியாக்கள் புரதத்திலிருந்து உண்டாக்கும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரல். அந்த இரத்தம் கல்லீரலைத் தாண்டிப் போனால் மூளை பாதிக்கப்படும். சிரோசிஸ் நோயாளிகள் இரவும் பகலும் மாறித் தூங்குவது, பேச்சு குழறுவது, கை நடுங்குவது எல்லாம் இதுதான். 1988-இல் ஜெர்மனியில் கழுத்துச் சிரை வழியாக நுழைந்து கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட் வைத்து இரு அமைப்புகளையும் இணைக்கும் சிகிச்சை தொடங்கியது. கசிவு நிற்காதவர்களை அது காப்பாற்றுகிறது; பாவ்லோவ் குழு நாய்களில் கண்ட அதே பக்கவிளைவு இதிலும் சிலருக்கு வருகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நாய்க் கதையின் நிழலில் பல வீடுகளில் கல்லீரல் நோயாளிக்கு முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்றே சொல்கிறது. தசை கரைந்தால் அம்மோனியாவைச் சமாளிக்கும் சக்தியும் குறையும். கவனிக்க வேண்டியது மலச்சிக்கல். மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப் கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

கல்லீரலை விட்டு வெளியேறும் வழி

கல்லீரலைக் கடந்த இரத்தம் வலது, நடு, இடது என்ற மூன்று கல்லீரல் சிரைகளில் சேர்ந்து, உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே கீழ்ப்பெருஞ்சிரையில் கொட்டுகிறது. இந்த வாய்கள் உறைந்து அடைபட்டால் கல்லீரல் இரத்தம் கோர்த்துக் கனத்து வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும். பட்-கியாரி நோய் என்று இதற்குப் பெயர். ஆசியாவில் சிலருக்குக் கீழ்ப்பெருஞ்சிரையிலேயே சவ்வு போன்ற அடைப்பு இருக்கிறது. பலூன் விட்டு விரித்தால் பலருக்கு நல்ல குணம் தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் கல்லீரலில் பெரிய வலது பாகம், சிறிய இடது பாகம் என்று கோடு தெரியும். உள்ளே சிரைகள் பிரியும் கோடு வேறு. பித்தப்பையிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வரை போகும் கோடுதான் உண்மையான எல்லை என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் கான்ட்லி காட்டினார். நடுக் கல்லீரல் சிரை அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. 1950-களில் பிரெஞ்சு மருத்துவர் குவினோ, போர்ட்டல் கிளைகளையும் கல்லீரல் சிரைகளையும் வைத்துக் கல்லீரலை எட்டுத் துண்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் இரத்தம் தனியே வந்து போவதால் ஒன்றை வெட்டினாலும் மற்றது பிழைக்கும்.

சென்னை உட்படப் பல நகரங்களில் உயிருள்ளவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் தருவது இந்த வரைபடத்தை நம்பித்தான். பெரியவருக்குப் பெரும்பாலும் வலது பாதியை எடுக்கிறார்கள். அப்போது வரும் கடினமான கேள்வி நடுக் கல்லீரல் சிரை யாருக்கு என்பது. அது இரண்டு பாதிக்கும் வேண்டும். பொதுவாகத் தானம் தருபவரின் பாதுகாப்பே முதலில் என்று அவரிடமே அதை விட்டுவிடுகிறார்கள். வலது பாதியின் முன்பகுதியிலிருந்து அதில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த கிளைகள் அறுபட்டு நிற்கும். அவற்றை அப்படியே கட்டிவிட்டால் அந்தப் பகுதி வடிகால் இல்லாமல் கறுத்துப்போகும். எனவே அறுவைக்கு முந்தைய சி.டி. ஸ்கேனிலேயே ஒவ்வொரு கிளையின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஒரு செயற்கைக் குழாயையோ வேறு சிரைத் துண்டையோ வைத்து, பெறுபவரின் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்துவிடுகிறார்கள்.